வேண்டாம் என்று சொல்லாமல்

பெரம்பலூர்
15 ஜூன் 2025

அன்புள்ள கீதா,

போனில் நான் பூனை என்றேன். நீ பானை என்றாய். பானை எப்படி மேடையில் ஏறும் என்று வேறு கேட்டாய். காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிக்கொள்ளும்வரை உன்னோடு பேசிப் பயனில்லை. வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் ஹாஸ்டல் விடுமுறைகளில் எழுதிக்கொள்வோமே, அந்த மாதிரி எழுதுகிறேன். ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குத் தபால் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். பரவாயில்லை.

பங்குனியில் செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காய மூட்டையோடு ஒரு பூனைக்குட்டியும் வந்து இறங்கியது என்று சொன்னேன் அல்லவா? வளர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அறிவரசன் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறதாம், எல்லாப் பாத்திரத்தையும் முகர்ந்து ஆய்வு செய்கிறதாம், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறதாம்.

சமையல் மேடைதான் அதன் அலுவலகம். அடுப்பை அணைத்த சூடு ஆறுவதற்குள் ஏறிப் படுத்துக்கொள்கிறது. விழாக்களில் 'மேடையில் வீற்றிருக்கும்' என்று ஆரம்பிப்பார்களே, அப்படி வீற்றிருக்கிறது. கத்திப் பார்த்தேன். தண்ணீர் தெளித்தேன். துடைப்பத்தைக் காட்டினேன். நான் இருந்தால் இறங்குகிறது, பள்ளிக்குக் கிளம்பியதும் ஏறிவிடுகிறது. சாயங்காலம் வந்தால் மேடை முழுக்கக் கால்தடம். சாக்கடையை மிதித்த கால்.

போன ஞாயிறு, வறுக்க மசாலா தடவி வைத்திருந்த கெண்டையில் வாய் வைத்துவிட்டது. அறிவு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கலை, நான் ஒண்ணும் சொல்லல. ஆடி ஒண்ணு வரைக்கும் தாசில்தாருக்கு டைம். அதுக்கப்புறம் உழவர் சந்தைக்கு டிரான்ஸ்ஃபர்தான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னால் செய்துவிடுவார்.

மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் என் காலைச் சுற்றி வருவது இது ஒன்றுதான். உன் வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று பூனைகள் இருக்கின்றன. ஒன்றுகூட மேடை ஏறாது என்று பெருமையடித்துக்கொள்வாய். எப்படிப் பழக்கினாய் என்று எழுது.

கலைமணி


அரியலூர்
20 ஜூன் 2025

அடி கலை,

என் காதைப் பற்றி எழுதியதற்கு உன்னை நேரில் கவனித்துக்கொள்கிறேன்!

முதலில் நல்ல செய்தி. நம் பெண் தேவயானிக்கு வரன் முடிவாகிவிட்டது. பையன் ஜெயங்கொண்டம், பெயர் ராஜதுரை. நல்ல பையனாகத்தான் தெரிகிறான், கொஞ்சம் அதிகமாகத் தலையாட்டுகிறான், கல்யாணத்துக்கு அது நல்லதுதானே. ஆவணி வளர்பிறையில் நிச்சயம், வீட்டிலேயே வைக்கிறோம். நீ முதல் நாளே வந்துவிட வேண்டும். "கலை ஆண்டி வரலன்னா நான் மோதிரமே போட்டுக்க மாட்டேன்" என்கிறாள். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நீ அவளைக் கரை சேர்த்ததை இன்னும் மறக்கவில்லை.

இப்போது உன் தாசில்தார். நீ செய்ததெல்லாம் தப்பு. கத்தினால் பூனை மேடையை விடாது, உன்னை விட்டுவிடும். நீ இல்லாத நேரம் பார்த்து ஏறக் கற்றுக்கொள்ளும். அதைத்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது.

நான் சொல்வது எங்கள் அத்தையின் முறை. நான் கல்யாணமாகி வந்தபோதே இந்த வீட்டுப் பூனைகள் இப்படித்தான் இருந்தன. மேடையில் ஒரு பருக்கைகூட வைக்காதே, துடைத்துப் போட்டுவிடு. கூடத்தில், ஜன்னல் பக்கம் வெயில் விழும் இடத்தில், ஓர் உயரமான முக்காலி போடு. பூனைக்கு உயரம் வேண்டும், அது ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி, தரையில் உட்காரச் சொன்னால் ரோஷம் வந்துவிடும். முக்காலியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போடு. அடுக்களைப் பக்கம் போக நினைக்கும்போதே ஒரு நெத்திலிக் கருவாட்டை முக்காலியில் வை. 'என் ராசா' என்று கொஞ்சு. இதில் முக்கியமானது, வேண்டாம் என்ற சொல்லே அதன் காதில் விழக்கூடாது. தானே விரும்பி அங்கே உட்கார்ந்திருப்பதாக அது நினைத்துக்கொள்ள வேண்டும்.

அத்தை சொல்வார்கள்: "அடுப்படி வாசல்ல மறிச்சா அது சண்ட. கூடத்துலயே வயித்த நெறச்சிட்டா அது உபசாரம். உபசாரத்த யாரு எதுத்துக்க முடியும்?" படிக்காத மனுஷி, எவ்வளவு புத்தி பார்!

எங்கள் மேடையைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. ஜன்னலை ஒட்டியே இருக்கிறது, லாரிப் புழுதி உள்ளே வரும், பூனை வராது.

அண்ணனிடம் ஆடி வரை பொறுக்கச் சொல்.

உன் கீதா


பெரம்பலூர்
29 ஜூன் 2025

அன்புள்ள கீதா,

தேவயானிக்கு என் முத்தம். அதிகமாகத் தலையாட்டும் பையன்களைப் பற்றி எனக்கும் ஓர் அனுபவம் உண்டு, அவர் இப்போது பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

உன் அத்தையின் முறையில் நான் தோற்றுவிட்டேன். அல்லது தாசில்தார் ஜெயித்துவிட்டது. முக்காலி போட்டேன். துண்டு போட்டேன். தாசில்தார் மேடையில் குதித்ததும் மெதுவாகத் தூக்கி வந்து முக்காலியில் உட்காரவைத்து நெத்திலி கொடுத்தேன். நாலு நாளில் அது பாடத்தைப் படித்துவிட்டது. பசித்தால் நேராக மேடைக்குப் போய் ஏறி, என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுக்கிறது. வந்து தூக்கு, நெத்திலி கொடு என்று அர்த்தம். அறிவு விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நீ அதைப் பழக்குறியா, அது உன்னப் பழக்குதா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தா கவனிக்கணும்னு உனக்குத்தான் பாடம் எடுத்திருக்கு."

எங்கே தப்பு செய்தேன் என்று எழுது.

இன்னொன்று. உன் மேடையை நான் பார்த்ததே இல்லையே, கீதா. படித்ததும் யோசித்துப் பார்த்தேன். கடப்பாக் கல்லா, கிரானைட்டா என்றுகூடத் தெரியவில்லை. வேடிக்கையாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

கலைமணி


அரியலூர்
4 ஜூலை 2025

கலை,

வேதியியல் டீச்சருக்கு எதை முதலில் ஊற்ற வேண்டும், எதைப் பிறகு ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது! ஏறிய பிறகு கொடுத்தால் அது ஏறியதற்குக் கூலி. ஏறுவதற்கு முன்பு கொடுக்க வேண்டும். அதன் கண் அடுக்களைப் பக்கம் திரும்பும், காது நிமிரும், அப்போதே முக்காலியைத் தட்டிக் கூப்பிடு. தப்பித்தவறி ஏறிவிட்டால் ஒன்றும் பேசாமல் இறக்கிவிட்டு வேறு வேலை பார். நெத்திலி கிடையாது.

மேடையைப் பார்க்கவில்லையா? போடி பொய்க்காரி. அரியலூர் பள்ளியில் இருந்த ஐந்து வருடமும் வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்திருப்பாய். என் வளைகாப்புக்கு வந்து நாள் முழுக்க இருந்தாய். அம்மா வீட்டிலிருந்து உடையார்பாளையத்து முந்திரி வந்தால் உனக்குத்தான் முதல் தட்டு, அத்தையே நெய்யில் வறுத்து வைப்பார்கள். மேடையைப் பார்க்கவில்லையாம்! பேப்பர் திருத்தித் திருத்தி உனக்கு மறதி வந்துவிட்டது.

பட்டுப்புடவை எடுக்க இவரும் நானும் கும்பகோணம் போகிறோம். உனக்கு என்ன கலர் என்று எழுது. மறுக்காதே.

கீதா


பெரம்பலூர்
13 ஜூலை 2025

கீதா,

தாசில்தார் பழகிவிட்டது.

நேற்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேண்டுமென்றே மேடையில் பால் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தேன். அடுக்களை வாசல் வரை வந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கியது. தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றது. பிறகு வேறு வேலை நினைவு வந்த மாதிரி திரும்பிப் போய் முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முகத்தில் அவ்வளவு திருப்தி. யாரும் அதைத் தடுக்கவில்லை. தன் விருப்பத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பதாகத்தான் அது நினைக்கிறது.

"பாத்தியா, திருந்திட்டாரு! டிரான்ஸ்ஃபர் கேன்சல்" என்று அறிவு கைதட்டினார். நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படிக் காலைத் தூக்கிவிட்டு நான் நின்றிருக்கிறேன், கீதா. உன் வீட்டில்.

எனக்கு மறதி இல்லை. நீ எழுதிய ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது. உன் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. நான் செருப்பைக் கழற்றும்போதே அதன் மேலிருக்கும் துணிகளை உன் அத்தை எடுத்துவிடுவார். உட்கார்வதற்குள் தட்டு வந்துவிடும். ஒரு நாள் சாப்பிட்ட தட்டோடு எழுந்து உள்ளே வந்தேன். "உக்காரு கண்ணு. டீச்சர் கை சாக்பீஸ் புடிக்கிற கை. அது ஏனம் கழுவுற கையா?" என்று பாதி வழியில் வாங்கிக்கொண்டார். எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார் என்று அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். வளைகாப்பு அன்று தாம்பாளம் எடுத்துவர எழுந்தேன். "நீ போயிட்டா மாசக்காரி பக்கத்துல யாரு ஒக்காரறது?" என்றார். மறுபடி உட்கார்ந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் எழவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. எழத் தோன்றியதே இல்லை.

என் அம்மா வேம்பு உங்களைப் போன்றவர்களின் வீடுகளில் வேலை செய்தவர். அவரிடம் நேராகவே சொல்லிவிடுவார்கள், கொல்லையோடு நில், உள்ளே வராதே என்று. அவர் வீட்டுக்கு வந்து அவர்களைக் கிழித்துத் தொங்கவிடுவார். ஒரு வீட்டு வேலையை அந்தப் பேச்சுக்காகவே விட்டுவிட்டு வந்தார். அவருக்கு எதிர்த்துப் பேச ஒரு சொல் கிடைத்தது. எனக்கு முந்திரி கிடைத்தது.

பூனை விஷயத்தில் காரணம் இருக்கிறது. அது சாக்கடையை மிதித்துவிட்டு வருகிறது. நான் எதை மிதித்துவிட்டு வந்தேன்?

சண்டைக்காக எழுதவில்லை. உனக்குத் தெரிந்துதான் இது நடந்ததா? ஒரு வரி எழுதினால் போதும்.

கலைமணி


அரியலூர்
18 ஜூலை 2025

கலைமணிக்கு,

ஒரு வரி போதுமாம். என்னால் ஒரு வரியில் எழுத முடியாது.

இருபது வருஷத்துக்கு மேலான பழக்கத்தை ஒரு பூனையை வைத்து அளக்கிறாயா? யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய்? உன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் யாரையும் கேட்காமல் வந்து இரண்டு நாள் தங்கியவள் நான். உன் அம்மாவின் பாயில் அவரோடு படுத்தேன். உங்கள் வீட்டு அடுப்பில் காபி போட்டேன், உன் பையன் பிறந்தபோது உங்கள் பின்கட்டில் உட்கார்ந்து ஏனம் கழுவினேன். சாதி பார்க்கிறவள் செய்கிற காரியமா இது?

அத்தை அந்தக் காலத்து மனுஷி. வந்தவர்களை உபசரிப்பது தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உட்காரச் சொன்னது ஒரு குற்றம், பலகாரம் கொடுத்தது ஒரு குற்றமா? வேண்டுமென்று தேடினால் எல்லாவற்றிலும் இது கிடைக்கும். நீ இந்த மாதிரி தேடுகிறவள் இல்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

புடவை எடுத்தாகிவிட்டது. மாம்பழக் கலர், அரக்கு பார்டர். தேவயானியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கீதாஞ்சலி


பெரம்பலூர்
24 ஜூலை 2025

கீதா,

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீதான் உன் கடிதத்தில் முறையை விளக்கமாக எழுதியிருந்தாய்.

என் வீட்டில் நீ காபி போட்டது, ஏனம் கழுவியது, அம்மா பக்கத்தில் படுத்தது எல்லாம் உண்மை. அதனால்தான் எனக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. நீ என் வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தாய். நானும் உன் வீட்டில் அப்படித்தான் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். கூடத்துக்கு அப்பால் போகவில்லை என்பது கண்ணில் படவே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேவயானி பிறந்த அடுத்த வருடம் உனக்கு அம்மை போட்டுத் தெளிந்து, நாக்குச் செத்துக் கிடக்கிறேன் என்றாய். பள்ளி முடிந்து மிளகு ரசம் வைத்து அடுக்குத் தூக்கில் எடுத்து வந்தேன். உன் அத்தை கூடத்திலேயே வாங்கிக்கொண்டு, "எம் மருமவளுக்குக் கூடப் பொறந்தவ இருந்தாக்கூட இப்படி வராது" என்றார். கண் கலங்கியிருந்தது. தூக்கைக் கழுவி, அதில் முந்திரியை நிரப்பிக் கொடுத்தார்.

அந்த ரசத்தை நீ குடித்தாயா?

நிச்சயத்துக்கு என்னால் வர முடியுமா என்று தெரியவில்லை. தேவயானியிடம் நீ பொய் சொல்ல வேண்டாம். தேவைப்பட்டால் நானே அவளுக்கு எழுதுகிறேன்.

கலைமணி


அரியலூர்
14 ஆகஸ்ட் 2025

கலை,

பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. கோபம் முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிட்டது. ரசம் குடித்ததாக எனக்கு நினைவே இல்லை. நீ வந்தது நினைவிருக்கிறது, தூக்கின் சத்தம்கூட நினைவிருக்கிறது. சுவை இல்லை. அத்தையிடம் கேட்கப் பயந்துகொண்டு இருந்தேன்.

நேற்று முன்தினம் கேட்டேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, எனக்கு அம்மை போட்டிருந்தப்ப கலை ரசம் கொண்டாந்தாளே, அது என்னாச்சு?"

"அது எந்தக் காலத்து ரசம்? இப்ப என்ன அதுக்கு?"

"எனக்குக் குடுத்தீங்களா?"

"கருவேப்பில மரத்துக்கு ஊத்துனேன். காரமா இருந்துச்சு."

"வாயில வச்சுப் பாத்தீங்களா?"

வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாண்டி, நாந்தான் ஊத்துனேன். அடுப்படிக்கும் விடல. அதுக்கென்னங்கற? ஒரு நாளாச்சும் அந்தப் புள்ள மொகம் சுளிக்க வச்சிருக்கனா? உங்க மாமாவோட பழைய வூட்டுல, எங்க மாமியா காலத்துல, வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்புவாங்க. நான் நாக்காலி போட்டேன். தட்டுல வச்சுக் குடுத்தேன். இன்னும் என்ன செய்யணும்?" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் கோபம் இல்லை, கலை. நிஜமாகவே மனம் நொந்து கேட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தத் தட்டுகளை எல்லாம் அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்தது நான். "புள்ள களைச்சு வந்திருக்கும், நீயே ஓடிப்போய்க் குடுத்துட்டு வா" என்பார்கள். என் சிநேகிதியை இப்படித் தாங்குகிறார்களே என்று எனக்கு அத்தை மேல் அவ்வளவு பிரியம். உள்ளே கூப்பிடாதே என்று என்னிடமும் அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. உன்னைப் பழக்கிய மாதிரி என்னையும் பழக்கியிருக்கிறார்கள். இருவரும் ஒரே முறையில் பழகியிருக்கிறோம்.

நீ நிச்சயத்துக்கு வா. நேராக அடுக்களைக்கே வா. எல்லார் முன்னாலும் உன் கையைப் பிடித்து நான் உள்ளே கூட்டிப்போகிறேன். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

கீதா


பெரம்பலூர்
21 ஆகஸ்ட் 2025

கீதா,

கேட்டுவிட்டாய். அது உனக்கு எளிதாக இருந்திருக்காது. உன் கடிதத்தை அறிவிடம் படித்துக் காட்டினேன். "ரசம் போனா போவுது, கருவேப்பில மரம் நல்லா தழைச்சிருக்கும்" என்றார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு இதெல்லாம் இப்படித்தான்.

உன்னையும் பழக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் இருவரும் ஒன்றில்லை. உனக்கு இரண்டு அறையும் இருந்தன. எனக்கு ஒன்றுதான்.

தாசில்தாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நான் மேடையில் ஏற்றி வைத்துவிடவில்லை. பூனை பூனைதான், அதன் கால் அழுக்குத்தான். நெத்திலியை மட்டும் நிறுத்திவிட்டேன். இப்போது அடுக்களை வாசலுக்கு வந்தால் அதன் முகத்தைப் பார்த்து வேண்டாம், போ என்று சொல்கிறேன். முறைக்கிறது. "பாவம், அவமானப்படுத்துற" என்கிறார் அறிவு. முறைக்கட்டும். என்னை அதற்குப் பிடிக்காமல் போனாலும் போகட்டும். யார் தடுக்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

நிச்சயத்துக்கு வருகிறேன். தேவயானிக்காக வருகிறேன். ஆனால் நீ என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகக் கூடாது. எல்லார் முன்னாலும் கூட்டிப்போய் உட்காரவைத்தால் அதுவும் உபசாரம்தான். நீ நல்லவள் என்று எல்லாருக்கும் தெரியும், நான் மறுபடியும் உட்காரவைக்கப்பட்டவளாக இருப்பேன்.

கூடத்தில் எல்லாரும் உட்காரும் இடத்தில் உட்கார்வேன். தாகம் எடுத்தால் எழுந்து போய்க் குடிப்பேன். எடுக்காவிட்டால் போகமாட்டேன். அதற்கு முன்னால் நீ தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டாமல் இருக்க வேண்டும். அத்தை உன்னை ஏவினாலும் நீ எழக்கூடாது. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் வார்டனுக்கே எழுந்து போய் நாற்காலி போட்டவள் நீ.

புடவையைக் கட்டிக்கொள்கிறேன். மாம்பழக் கலர் எனக்குப் பிடிக்கும்.

கலைமணி


அரியலூர்
3 செப்டம்பர் 2025

கலை,

நீ எழுந்தபோது என் கால் தானாக எழுந்துவிட்டது. புடவை மடிப்பைச் சரிசெய்வது போல மறுபடி உட்கார்ந்தேன். "கீதா, டீச்சருக்குத் தண்ணி" என்று அத்தை குரல் வந்தது. திரும்பவும் வந்தது. சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார்கள். நான் ராஜதுரையின் வேலையைப் பற்றி ஏற்கெனவே கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டேன். பாவம், அவன் மறுபடியும் தலையாட்டிப் பதில் சொன்னான்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உன் முதுகு தெரிந்தது. அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தாய், குடத்திலிருந்து மொண்டாய், குடித்தாய். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாய். உடனே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். மேடையில் கையை ஊன்றிக்கொண்டு ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றாய். கருவேப்பிலை மரம்தான் அந்தப் பக்கம் இருக்கிறது. பிறகு வந்து உட்கார்ந்து, தேவயானிக்கு மோதிரம் பெரிதாக இருக்கிறது, நூல் சுற்றிக் கொடுங்கள் என்றாய். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அத்தைக்கும் எனக்கும் தெரியும்.

நீ பஸ் ஏறிப் போன பிறகு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அத்தை வந்து, "அந்தக் குடத்தக் கவுத்து வெளக்கிட்டு வேற புடி" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். நான், "மாட்டேன் அத்தை" என்றேன். இந்த வீட்டில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "அப்ப அது உங்க தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் காபி போட்டேன். இவர் குடித்தார், தேவயானி குடித்தாள். அத்தை தொடவில்லை. கடைப் பையனிடம் சொல்லித் தனியாக ஒரு கேன் தண்ணீர் வரவழைத்திருக்கிறார்கள். கூடத்து மூலையில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு, ஒரு டம்ளர். வேறு யாரும் அதைத் தொடக்கூடாதாம். "பாட்டிக்கு மட்டும் தனி டம்ளரா?" என்று தேவயானி கேட்டாள்.

"அம்மாவ இந்த வயசுல இப்படி விட்டுட்டியே" என்று இவர் வருத்தப்பட்டார். நான் விடவில்லை, அவர்களே போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். குடத்துத் தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது.

இதை எழுதும்போதும் எதிரில்தான் இருக்கிறார்கள். கேனைச் சாய்க்கக் கை நடுங்குகிறது. பாதி தரையில் சிந்துகிறது. ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. நான் ஊற்றிக் கொடுத்தால் அவர்கள் குடிக்கமாட்டார்கள், நீ மொண்ட குடத்தில் மொண்ட கை இது.

உட்கார்ந்திருக்கிறேன், கலை.

கீதா